பியாட்றிஸ் ஊதாத எக்காளம்

என் மனைவி பியாட்றிஸோடு ஒரு கிழமை, ஏழே ஏழு நாள் இருந்து பாருங்கள். முதல் நாள், இப்படியும் ஒரு தங்கமான மனுசியா என்று வாயைப் பிளப்பீர்கள். மூன்றாம் நாள் பல்லைக் கடிப்பீர்கள். கிழமை முடிவதற்குள் நீங்களே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிடுவீர்கள். அவள் சண்டை பிடிக்கமாட்டாள், ஊர்வம்பு பேசமாட்டாள், யாருக்கும் இல்லையென்று சொல்லமாட்டாள். அவளிடம் உள்ளது ஒரே ஒரு வியாதி. தன்னைப் பற்றி ஒரு நல்ல சொல் அவள் வாயில் வராது. அதெல்லாம் ஒரு குறையா என்று கேட்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவன் சொல்கிறேன், அது பெரிய குறை.

நத்தாருக்கு அவள் போடும் கேக்கை அச்சுவேலியில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சனம் எதிர்பார்த்திருக்கும். தட்டை நீட்டும்போதே அவள் தொடங்கிவிடுவாள். “இந்த முறை அவ்வளவு சரிவரேல்லை. பிளம்ஸ் காணாது. அடியும் கொஞ்சம் பிடிச்சுப்போச்சு.” அடி பிடித்திருக்காது. பிளம்ஸ் கிலோக் கணக்கில் நான்தான் வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் வந்தவர்கள் நம்பிவிடுவார்கள். ஒருமுறை தேவாலயத்துக்குப் புதிதாக வந்த போதகர், அடி பிடித்ததைச் சாப்பிட்டால் தனக்கு வயிறு சரியில்லாமல் போகும் என்று தட்டைத் தொடாமலே வைத்துவிட்டுப் போனார். அவள் அதையும் சிரித்தபடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அப்படியில்லை. மயிலிட்டிக்காரன், பெயர் மார்க்கண்டு. எஞ்சின் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலால் கத்திக் கதைத்துப் பழகிய கடற்குடும்பம் எங்களுடையது. அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்தக் குடாநாட்டில் என்னைப்போல் எஞ்சின் தெரிந்தவன் இல்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்லுவேன். சொல்லாவிட்டால் சனத்துக்கு எப்படித் தெரியும்?

அவளோ மிஷன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் இராசசிங்கத்தின் மகள். மூன்று தலைமுறையாக மெதடிஸ்த தேவாலயத்தில் முன்வரிசை வாங்கில் இருக்கும் குடும்பம். எங்கள் ஊர்ச் சனம் தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் கடற்கரையை விட்டு ஓடிவந்து அச்சுவேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுத் தங்கியபோது, எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தவள். அங்கேதான் கண்டேன். கல்யாணம் வேண்டாமென்று இரண்டு வீட்டாரும் தலைகீழாக நின்றார்கள். அந்த அமளியிலும் இவள் தன் தகப்பனிடம், “அவர் நல்ல மனிசன்” என்று எனக்காக மட்டும்தான் வாதாடினாளாம். எனக்கு இவள் ஏற்றவளா என்று என் அம்மா கேட்டபோது, “எனக்குச் சமையல் வடிவா வராது” என்று அவரிடமே சொன்னவள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கூத்துத்தான். ஆங்கில ஆசிரியையாக ஊர் ஊராக மாற்றம் வாங்கிப் படிப்பித்தாள். ஒரு வருடம் இவள் பழக்கிய ஆங்கில நாடகம் மாகாணத்தில் முதலிடம் எடுத்தது. பரிசளிப்பு மேடையில், இதைப் பழக்கியது யார் என்று வந்திருந்த பெரிய அதிகாரி கேட்டார். இவள் பிள்ளைகளைக் கைகாட்டினாள். பக்கத்தில் நின்ற இன்னொரு ரீச்சர், உடுப்புத் தைக்கக் கொடுத்தவர், ஒரு அடி முன்னால் வந்து சிரித்தார். பொன்னாடை அவருடைய தோளில் விழுந்தது. வீட்டுக்கு வந்து நான் குதித்தேன். “பிள்ளையள்தானே நடிச்சதுகள்” என்றாள். இப்படிப்பட்ட ஆளோடு என்ன கதைப்பது?

ஓய்வு பெற்ற பிறகுதான் வினை வந்தது. காலையில் வழக்கம்போல் எழும்புவாள், குளிப்பாள், மடிப்புக் கலையாமல் சேலை உடுத்துவாள். பிறகு போக இடமில்லாமல் குசினிக்குள் அடுப்படியில் நிற்பாள். எதையாவது கழுவுவாள், கழுவியதைத் திரும்பக் கழுவுவாள். நான் கடைக்குப் போகும்போது நின்ற இடத்திலேயே மத்தியானம் வரும்போதும் நிற்பாள். மாதக்கணக்காக அந்தக் கோலத்தைப் பார்த்தேன். உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், “ஒண்டுமில்லை, நல்லாத்தானே இருக்கிறன்” என்பாள்.

எங்கள் மகள் றெபேக்கா கொழும்பில் கணினி வேலை செய்கிறாள். தாயின் நிலையைப் பார்த்து, சீனாக்காரருக்கு இணையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் செயலி ஒன்றில் இவளுடைய பெயரைச் சேர்த்துவிட்டாள். வளர்ந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் இடம். அன்றிலிருந்து பழைய ரீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். பின்னேரம் ஐந்தரைக்கு முன்னறை மேசையில் லப்டொப். அங்கே அவர்களுக்கு எட்டு மணி. இந்த நாலு வருடமாக, பக்கத்து மில் ஓடினாலும் கோயில் ஒலிபெருக்கி அலறினாலும் வகுப்பு நின்றதில்லை.

அவளுடைய பாடம் ஒரே முறையில்தான் நடக்கும். முதலில் ரீச்சர் வசனத்தைச் சொல்லுவார். படிக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அதே வசனத்தில் தன்னுடைய விசயத்தை வைத்துச் சொல்ல வேண்டும். ரீச்சர் சொல்லிக்காட்டாத வசனத்தை யாரும் சொல்லக்கூடாது. தன்னுடைய தகப்பன் அப்படித்தான் படிப்பித்தாராம். பாட நேரத்தில் நான் வாய் திறக்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். கேட்டுக் கேட்டு எனக்கும் ஓரளவு ஆங்கிலம் பிடிபட்டுவிட்டது. அதை நான் கடையில் சொல்லிக்கொள்வதும் உண்டு.

முதல் நாளிலிருந்தே படிக்கிறவள் லின். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஏதோ ஒரு சீன நகரத்தில் பெரிய மருத்துவமனைத் தாதி. கணவன் இல்லை. மகள் சிங்கப்பூரில் படிக்கிறாள். மகள் இருக்கும் ஊரில் தாதி வேலை எடுத்துப் போய்விட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கான நேர்முகப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

செயலிக்காரர் கிழமைக்கு ஒரு ஆங்கிலச் சொல் கொடுப்பார்கள். அதற்கு என்னென்ன பொருள் உண்டோ அவ்வளவையும் ரீச்சர் விளக்க வேண்டும். அந்தக் கிழமைக்கு வந்த சொல் ட்றம்பெற். பித்தளைக் குழலின் படத்தைக் காட்டித் தொடங்கினாள். எங்கள் தமிழில் எக்காளம் என்போம் என்று, லின்னுக்குத் தேவையே இல்லாத ஒன்றையும் சொன்னாள். யானை துதிக்கையைத் தூக்கிப் பிளிறினாலும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஒரு செய்தியை ஊரெல்லாம் கேட்கப் பறைசாற்றினாலும் அதே சொல். காது மந்தமான கிழவர்கள் முந்தி காதில் வைத்துக் கேட்ட குழலுக்கும் அந்தப் பெயர்தானாம். வாய் அகன்ற பூக்களுக்கும் உண்டு என்று சொல்லி, பின்வேலியில் நின்ற ஊமத்தம்பூவைப் பிடுங்கிவர என்னை அனுப்பினாள். போய்ப் பிடுங்கி வந்தேன். கமராவுக்கு முன்னால் அதை ஆட்டிக் காட்டினாள்.

கடைசியாக மரபுத்தொடர் வந்தது. தன் ட்றம்பெற்றைத் தானே ஊதுவது என்றால் தன்னைத் தானே புகழ்வது. நாங்கள் தம்பட்டம் அடிப்பது என்போம், ஊதுவதற்குப் பதிலாக எங்களவர்கள் அடிப்பார்கள் என்றாள். லின் சிரித்துவிட்டாள். தங்கள் ஊரில் அப்படிப்பட்டவனை மாட்டை ஊதுகிறான் என்பார்களாம்.

“மாட்டை எப்பிடி ஊதுறது?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“இஞ்சாருங்கோ, பாடம் நடக்குது” என்றாள் பியாட்றிஸ், என் பக்கம் திரும்பாமலே.

மாட்டுத் தோலில் காற்றை ஊதி ஆறு கடப்பார்களாம். ஒரு மூச்சில் ஊதிவிடுவேன் என்று வாயால் மட்டும் சொல்பவனை அப்படிச் சொல்வார்கள் என்று தன் அப்பா சொன்னதாக லின் தானாகவே விளக்கினாள். பிறகு பியாட்றிஸ் வசனத்தைக் கொடுத்தாள்.

“நல்ல மனிதர் தன் ட்றம்பெற்றைத் தானே ஊதமாட்டார்.”

லின் அப்படியே திருப்பிச் சொன்னாள். பிறகு கேட்டாள். “அப்படியானால் அதை யார் ஊதுவது, ரீச்சர்?”

“மற்றவர்கள்.”

“மற்றவர்கள் ஊதாவிட்டால்?”

பியாட்றிஸ் யானைக்குத் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு எழுந்து லின்னின் கையைக் குலுக்க வேண்டும்போல் இருந்தது.

அன்றைக்கே செயலிக்காரரின் அறிவித்தலும் வந்தது. படிப்பிக்கிற ஒவ்வொருவரும் தங்களைப் பற்றி ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போட வேண்டும். உங்களுடைய திறமைகளை நீங்களே சொல்லுங்கள், மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் இனி ஆளைத் தெரிவுசெய்வார்கள் என்று எழுதியிருந்தார்கள். றெபேக்கா தொலைபேசியில் விளங்கப்படுத்தினாள்.

“அம்மா, ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை போடாட்டி உங்கடை பெயரை எடுத்துப்போடுவாங்கள். பேந்து லின்னோடையும் கதைக்கேலாது. வெளியிலை தொடர்பு வைக்க விடமாட்டாங்கள்.”

“எடுத்தால் எடுக்கட்டும் பிள்ளை. எனக்கும் வயசு போட்டுது” என்றாள் பியாட்றிஸ்.

சொல்லிவிட்டுப் போய்க் குசினிக்குள் நின்றாள். ஒரு கோப்பையைக் கழுவினாள். கழுவியதைத் திரும்பக் கழுவினாள். அந்த வகுப்புப் போனால் என் மனுசி திரும்பவும் அந்த இடத்தில்தான் நிற்பாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் தன்னைப் பற்றி நல்லதாக நாலு வசனம் சொன்னால் போதும். உலகத்தில் அதைவிட இலகுவான வேலை உண்டா?

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தொலைபேசியைப் புத்தகங்களில் சாத்தி வைத்து வீடியோ எடுக்கத் தொடங்கினேன். பியாட்றிஸ் சேலை மாற்றி, பவுடர் பூசி, நேராக இருந்தாள். கையைக் காட்டினேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

“எனது பெயர் பியாட்றிஸ். நான் காலஞ்சென்ற இராசசிங்கம் தலைமையாசிரியரின் இரண்டாவது மகள். எனது தந்தையார் நாற்பது ஆண்டுகள் கல்விச் சேவை செய்தவர். அவருடைய தந்தையார் மிஷன் அச்சகத்தில் வேலை பார்த்தவர். எனது தாயாரின் தகப்பனார்...”

நிமிடம் முடிந்தது. அவள் இன்னும் பிறக்கவே இல்லை.

“பியாட்றிஸ், இது கலியாணம் பேசுற இடமே? உம்மைப் பற்றிச் சொல்லும்.”

“ஆரெண்டு தெரியாமல் என்னெண்டு படிக்க வருவினம்?”

இரண்டாவது முறை தன் பள்ளிக்கூடங்களின் வரலாற்றைச் சொன்னாள். எந்த அதிபருக்குக் கீழே எப்போது வேலை செய்தாள், அந்த அதிபர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று வந்தது. மூன்றாவது முறைதான் ஒருவழியாகத் தனக்கு வந்து சேர்ந்தாள். “நான் ஓய்வுபெற்ற ஒரு சாதாரண ஆசிரியை. ஏதோ எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.”

“உமக்கு மாணவர் வேணுமோ, மன்னிப்பு வேணுமோ?” என்று கத்தினேன். மில்லுக்கு மா அரைக்க வந்து நின்ற எங்கள் ஒழுங்கைப் பெண் உதயகலா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை றெபேக்காவிடம் கேட்டு நானே வசனங்களை எழுதுவித்தேன். நான் மிகச் சிறந்த ஆசிரியை, என்னிடம் படித்தால் உங்கள் ஆங்கிலம் பறக்கும் என்று நல்ல காரமாக இருந்தது. அவள் அதை மரண அறிவித்தல் வாசிப்பதுபோல் வாசித்தாள். மிகச் சிறந்த என்ற இடத்தில் நின்று, அதை வெட்டி, ஓரளவு அனுபவமுள்ள என்று மாற்றினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“என்ரை வாயாலை நான் எப்பிடிச் சொல்லுறது? கேக்கிற சனம் என்ன நினைக்கும்?”

“கேக்கிறது சீனாக்காரன். அவனுக்கு உம்மடை அப்பாவையும் தெரியாது, எங்கடை ஒழுங்கையையும் தெரியாது.”

“அவையளும் சனம்தானே.”

“நீர் நல்ல ரீச்சர் எண்டது பொய்யே?”

“அதை நான் சொல்லக்கூடாது” என்றாள். பிறகு, “உங்களுக்குச் சொல்ல வருது. எனக்கு வரேல்லை. விடுங்கோ” என்றாள்.

விடவில்லை. நானே தொலைபேசிக்கு முன்னால் இருந்து, என் மனைவியைப்போல் ஒரு ரீச்சர் இந்த இலங்கையிலேயே கிடையாது என்று முழு நிமிடமும் முழங்கி, றெபேக்காவுக்கு அனுப்பினேன். படிப்பிக்கிறவரின் முகம்தான் வேண்டுமாம், புருசன் முகம் செல்லாதாம். “அதோடை அப்பா, பாதி நேரம் நீங்கள் உங்கடை கடையைப் பற்றித்தான் கதைச்சிருக்கிறீங்கள்” என்றாள் மகள். நான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு மரக்கறிக்காரனோடு சண்டை பிடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் லின்னுடைய வகுப்பு. அவளுக்கு நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள். கேள்வி கேட்கிற அதிகாரியாக ரீச்சர் இருக்க வேண்டும், தான் பதில் சொல்லிப் பழக வேண்டும் என்று கேட்டிருந்தாள். நான் மூலையில் மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன். மனம் முழுக்க அடுத்த நாளைப் பற்றிய எரிச்சல்தான்.

பியாட்றிஸ் குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டாள். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

லின் நிமிர்ந்து இருந்தாள். “எனது பெயர் லின். நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு நேர்மையான மனிதரின் இரண்டாவது மகள். எனது தந்தையாரின் தந்தையார் தச்சுவேலை செய்தவர். நான் மூன்று மூத்த தாதிமாரின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் மூவரும் நல்லவர்கள். நான் ஒரு சாதாரணத் தாதி. ஏதோ எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.”

என் கையிலிருந்த திருகாணி நிலத்தில் விழுந்தது.

“இதை உங்களுக்கு யார் சொல்லித்தந்தது?” என்று கேட்டாள் பியாட்றிஸ்.

“நீங்கள்தான், ரீச்சர். முதல் வகுப்பில் உங்களைப் பற்றி இப்படித்தான் சொன்னீர்கள். அழகாக இருந்தது. நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.”

“இப்படிச் சொன்னால் உங்களுக்கு வேலை தரமாட்டார்கள், லின்.” அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னோடு வராத கோபம். “நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். நான் நல்ல தாதி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.”

“எனக்குச் சொல்ல வராது.”

“ஏன் வராது? இலகுவான வசனம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, லப்டொப்பைத் தூக்கி எறிய வேண்டும்போலும் இருந்தது.

லின் தலையைக் குனிந்து, மிக மரியாதையாகச் சொன்னாள். “ரீச்சர், நீங்கள் முதலில் சொல்லுங்கள். நான் பிறகு சொல்கிறேன்.”

அதுதானே என் மனுசியின் சட்டம். நாலு வருடமாக ஒரு நாளும் மீறாத சட்டம். பியாட்றிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே போகும்படி கையைக் காட்டினாள். நான் எழுந்து குசினிப் பக்கம் போய், திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

லைன் வெட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பியாட்றிஸின் குரல் எலி கொறிப்பதுபோல் ஏதோ சொன்னது.

“ரீச்சர், கேட்கவில்லை” என்றாள் லின்.

“நான் ஒரு நல்ல ஆசிரியை” என்றாள் பியாட்றிஸ்.

“இன்னும் கேட்கவில்லை. அங்கே ஏதோ மில் சத்தம்.”

“நான் ஒரு நல்ல ஆசிரியை” என்றாள். இந்த முறை மதிலுக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

“நான் ஒரு நல்ல தாதி” என்றாள் லின்.

“பள்ளிக்கூடத்தில் மேசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் படிப்பித்தேன்.”

“மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் நோயாளிகளைப் பார்த்தேன்.”

“இடம்பெயர்ந்த காலத்தில் மாமரத்துக்குக் கீழே படிப்பித்தேன். கரும்பலகை இல்லை. மணலில் எழுதினேன்.”

“பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குப் போகவில்லை. மகளைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துப் பார்த்தேன்.”

“விமானம் சுற்றிய நாளில் பிள்ளைகளைக் குப்புறப் படுக்க வைத்தேன். அவர்கள் அழாமல் இருக்க, ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் கூட்டி முடிக்கும்வரை நான் படுக்கவில்லை.”

“மூச்சு எடுக்க முடியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்” என்றாள் லின். “அவர்கள் கையை விடும்வரை நான் விடவில்லை.”

“என் வகுப்பில் ஒரு பிள்ளையையும் நான் மொக்கு என்று சொன்னதில்லை.”

“என் வார்ட்டில் ஒருவரையும் நான் தனியாகச் சாகவிட்டதில்லை.”

நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாமரம் எனக்குத் தெரியும். அந்த முகாமில்தான் நானும் இருந்தேன், தண்ணீர் அள்ளிக்கொண்டு. விமானம் சுற்றிய அன்று நான் தேடி ஓடிவந்தபோது பிள்ளைகளுக்கு நடுவே சேலையைத் தட்டிக்கொண்டு நின்றாள். என்ன நடந்தது என்று கேட்டேன். “ஒண்டுமில்லை, பிள்ளையளோடை நிண்டனான்” என்றாள். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்தது அந்த ஒண்டுமில்லைதான். முதலில் கோபம் வந்தது. ஒரு சீனாக்காரிக்குச் சொல்கிறாள், எனக்குச் சொல்லவில்லையே என்று. பிறகு இவள் என் மனுசி என்று ஒழுங்கை முழுக்கக் கத்த வேண்டும்போல் இருந்தது.

வகுப்பு நேரம் முடிந்ததும் செயலி தானாக அணைந்துவிடும். லின் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அணைந்தது. நான் உள்ளே வந்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இதைத்தானே நாலு நாளாச் சொல்லச் சொல்லித் தலையிலை அடிச்சனான். இப்பவே சொல்லும். ரெலிபோனை எடுக்கிறன்.”

எடுத்து, சாத்தி வைத்து, கையைக் காட்டினேன். வாயைத் திறந்தாள். “எனது தந்தையார்” என்றாள்.

“பியாட்றிஸ்.”

“சொல்ல வருகுதில்லை. நான் என்ன செய்ய?”

“இப்பத்தானே சொன்னீர்.”

“அது லின்னுக்கு. நான் சொன்னால்தானே அவள் சொல்லுவாள்.” தொலைபேசியைக் காட்டினாள். “உதிலை ஆர் இருக்கினம்? ஆர் திருப்பிச் சொல்லுவினம்?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கல்லில் நார் உரித்து, ஒருவழியாக உரிபட்ட பிறகு, அதையும் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாற்போல் இருந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்கு எதிரே ஒரு வாய் வேண்டும். நான் ஒரு கதிரையை இழுத்து, தொலைபேசிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு இருந்தேன்.

“நான் திருப்பிச் சொல்லுறன்.”

“நீங்களோ? உங்கடை சத்தம் அதிலை விழுமே.”

“சத்தம் போடமாட்டன். வாயை மட்டும் அசைக்கிறன். நீர் என்ரை வாயைப் பாத்துச் சொல்லும்.”

“முறைப்படி சொல்லவேணும். உங்கடை விசயத்தை வைச்சு.”

“ஓமோம், தெரியும். தொடங்கும்.”

அந்த வீடியோவை ஏற்றுக்கொண்டார்கள். றெபேக்கா அன்றே அனுப்பிவைத்தாள். பின்னேரம் ஐந்தரைக்கு என் வீட்டில் இப்போதும் ரீச்சர் இருக்கிறார், புதிதாக நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக லின் சொன்னாள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி.

“நான் ஒரு நல்ல ஆசிரியை” என்றாள் பியாட்றிஸ், என் வாயைப் பார்த்தபடி.

அதற்கு என்னிடம் வசனம் இருந்தது. நான் ஒரு நல்ல மெக்கானிக் என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். அதைத்தான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே.

“மாமரத்துக்குக் கீழே, மணலில் எழுதி நான் படிப்பித்தேன்” என்றாள்.

நான் கார்பரேட்டரை யோசித்தேன். யாருடைய வள்ளத்தை முதலில் திருத்திக் கொடுத்தேன் என்று யோசித்தேன். எதை எடுத்தாலும் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியவில்லை. தொலைபேசியில் வினாடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுத்ததைச் சொல்லாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால்தான் அவள் சொல்லுவாள்.

கடைசியில் அவளுடைய வசனத்தையே எடுத்தேன். நான் என்று இருந்த இடத்தில் அவள் என்று போட்டு, மிச்சத்தை ஒன்றும் மாற்றாமல், ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தேன்.

பியாட்றிஸின் கண் கலங்கியது. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனாள்.